ஓதத் தீவுக் கலங்கரை விளக்கத்தில் கேச் தேடுவது: நேரக் கணக்கிலிருந்து லாக் எழுதுவது வரை

ஜியோகேச்சிங்குக்கு, அதாவது யாரோ மறைத்துவைத்த பெட்டியை (கேச்) ஜிபிஎஸ் கொண்டு தேடி, கண்டதைக் குறிப்பாக (லாக்) எழுதும் விளையாட்டுக்கு, கிளம்பும்போது இடத்தை முதலில் முடிவு செய்வோம், நேரத்தை வசதிப்படி வைத்துக்கொள்வோம். ஓதத் தீவில் அந்த வழக்கம் செல்லாது. கடல் வற்றும்போது கரையோடு ஒட்டிக்கொண்டு, ஏறும்போது தனித் தீவாகிவிடும் இடம் அது. வழி திறப்பதும் மூடுவதும் கடலின் வேலை, நமக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் மாட்டிக்கொள்பவர்களில் பலர் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். "இன்னும் ஐந்தே நிமிடம், இந்தக் கல்லுக்குப் பின்னால் மட்டும் பார்த்துவிடலாம்" என்று நினைத்ததுதான் அவர்களைக் கவிழ்த்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டி திரும்பும் நேரத்தில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கி வருகிறது.

முதலில், எப்படிப்பட்ட பாதை என்று பாருங்கள்

எல்லா ஓதத் தீவும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் வடகிழக்கில் விட்லி பேக்கு வடக்கே உள்ள செயின்ட் மேரிஸ் தீவுக்குக் கான்கிரீட் தரைப்பாலம் இருக்கிறது. நீர் இறங்கியதும் செருப்பு நனையாமல் நடந்து போகலாம். வட கலிஃபோர்னியாவில் கிரசென்ட் சிட்டியை ஒட்டிய பேட்டரி பாயின்டில் பாலம் எதுவும் கிடையாது. வெளியே தெரியும் பாறையும் சரளையும்தான் பாதை. வேல்ஸில் ஸ்வான்ஸி விரிகுடாவின் ஓரத்தில் உள்ள மம்பிள்ஸ் இன்னும் கடினம். இரண்டு தீவுகளில் வெளித் தீவில்தான் 1794ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அங்கே போக இரண்டு இடைவெளிகளைப் பாறை மேல் ஏறி இறங்கிக் கடக்க வேண்டும். போனாலும் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

தரைப்பாலத்தில் 5 நிமிடத்தில் கடக்கும் அதே தூரம் பாசி படர்ந்த பாறையில் 20 நிமிடம் எடுக்கும். வரைபடத்தில் நேர்கோடு போட்டு நடை நேரத்தைக் கணிக்காதீர்கள்.

படி 1: கடலின் நேரத்தை எடுத்துக்கொள்வது

அருகிலுள்ள துறைமுகத்தின் ஓத அட்டவணைதான் அடிப்படை. செயின்ட் மேரிஸுக்கு டைன் நதி முகத்திலுள்ள நார்த் ஷீல்ட்ஸ். பேட்டரி பாயின்டுக்குக் கிரசென்ட் சிட்டி நிலையத்துக்கு அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா வெளியிடும் கணிப்பு. தரைப்பாலம் உள்ள இடங்களில் பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகமே "பாதுகாப்பாகக் கடக்கும் நேரம்" என்று தனி அட்டவணை போடும். அது கிடைத்தால் அதுவே கடைசி வார்த்தை. உங்கள் கணக்கு வேறு சொன்னால் உங்கள் கணக்குதான் தவறு.

பலர் சறுக்கும் இடம் கோடைகால நேரம். பிரிட்டனில் சில அட்டவணைகள் ஆண்டு முழுக்கக் கிரீன்விச் நேரத்திலேயே அச்சாகும். மார்ச் இறுதியிலிருந்து அக்டோபர் இறுதி வரை அதனுடன் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இணைய அட்டவணைகள் சில தாமாகவே கூட்டிவிடும், சில கூட்டாது. பக்கத்தின் தலைப்பில் எந்த நேரம் என்று போட்டிருக்கும். அதைப் படிக்காமல் கீழே இறங்காதீர்கள். ஏற்கெனவே கூட்டியதில் இன்னொரு தடவை கூட்டினால், வழி மூடும் நேரம் ஒரு மணி நேரம் தள்ளித் தெரியும். அது ஆபத்தான பக்கத்துப் பிழை.

ஒரு வற்றத்திலிருந்து அடுத்த வற்றம் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் எல்லாம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். "போன சனிக்கிழமை 11 மணிக்கு வழி திறந்திருந்ததே" என்பது இந்தச் சனிக்கிழமைக்கு உதவாது.

நிலவையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக ஏறி நன்றாக வற்றும். வழி அகலமாக, நீண்ட நேரம் திறக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. எண்களோடு பார்த்தால் வித்தியாசம் முகத்தில் அடிக்கும். கீழே உள்ளவை கணக்கைக் காட்டுவதற்கான எண்கள். எந்த ஒரு பாலத்தின் உயரமும் அல்ல.

பாதையின் மிகத் தாழ்வான இடம், அட்டவணை உயரங்களை அளக்கத் தொடங்கும் பூஜ்ஜியத்திலிருந்து 2.0 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாளில் வற்றம் காலை 11:10க்கு 0.8 மீட்டர், ஏற்றம் மாலை 5:20க்கு 4.8 மீட்டர். வித்தியாசம் 4.0 மீட்டர், காலம் 6 மணி 10 நிமிடம். மாலுமிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் பன்னிரண்டில் ஒரு பங்கு விதி இங்கே கைகொடுக்கும். அந்த ஆறு மணி நேரத்தை ஆறு சமப் பகுதியாகப் பிரித்தால் நீர் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். ஒரு பங்கு 0.33 மீட்டர்.

முதல் பகுதி முடிவில் நீர் 1.13 மீட்டர், இரண்டாவதன் முடிவில் 1.8, மூன்றாவதன் முடிவில் 2.8. அதாவது 2.0 மீட்டரை மூன்றாம் பகுதி தொடங்கிய பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தொட்டுவிடும். கடிகாரத்தில் பிற்பகல் 1:25. அந்த நேரம் நீர் மணிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும் என்பதைக் கவனியுங்கள். கணுக்கால் அளவு என்று நினைத்த தண்ணீர் கால் மணி நேரத்தில் முழங்கால் அருகே வந்துவிடும்.

இப்போது அஷ்டமியை ஒட்டிய நாள்: வற்றம் 1.9, ஏற்றம் 3.7. ஒரு பங்கு 0.15 மீட்டர்தான். வற்றத்துக்குப் பிறகு 40 நிமிடத்திலேயே 2.0 மீட்டர் ஆகிவிடும். முன்பின் இரண்டையும் சேர்த்தால் வழி திறந்திருப்பது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. முந்தைய கணக்கில் அதுவே நாலரை மணி நேரம். வற்றமே 2.0க்கு மேல் நின்றுவிட்டால் அன்றைக்கு வழியே திறக்காது. தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அடுத்த ஓரிரு நாட்களை எடுங்கள்.

இந்த விதி ஒரு நாளில் இரண்டு ஏற்றமும் ஏறக்குறைய சமமாக இருக்கும் கடலுக்குத்தான் பொருந்தும். கிரசென்ட் சிட்டி போன்ற பசிபிக் கரையில் ஒரே நாளின் இரண்டு வற்றங்களும் ஒரே அளவாக இருக்காது. ஒன்று நன்றாக வற்றும், மற்றது பாதியில் நின்றுவிடும். அங்கே பங்கு போடாமல் நோவாவின் வளைகோட்டு வரைபடத்தைப் பார்த்து, இரண்டில் ஆழமான வற்றத்தைப் பிடியுங்கள். உயரம் அடியிலா மீட்டரிலா என்பதையும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அட்டவணைக்கு வானிலை தெரியாது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். வழக்கமான 1013க்குப் பதில் 983 என்றால் 30 சென்டிமீட்டர். மேலே போட்ட கணக்கில் அதுவே வழியை 20 நிமிடம் முன்னதாக மூடிவிடும். கரையை நோக்கி வீசும் பலத்த காற்றும் அலையும் இதற்கு மேல். ஆகவே கணக்கில் வந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுவது அதிகப்படியான எச்சரிக்கை இல்லை.

படி 2: பின்னோக்கித் திட்டமிடுவது

வழி மூடுவது 1:25. ஒரு மணி நேரம் கழித்தால், தீவிலிருந்து தரைப்பாலத்தில் கால் வைக்க வேண்டிய கடைசி நேரம் 12:25. இதைத் தாளில் எழுதுங்கள். கைபேசியில் 12:05க்கு ஒன்றும் 12:20க்கு ஒன்றுமாக இரண்டு அலாரம் வையுங்கள். கரையில் காத்திருக்கும் ஒருவரிடம் "ஒரு மணிக்குள் கூப்பிடாவிட்டால் தேடு" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கடப்பது நல்லது. 9 மணிக்கு வழி தெரிய ஆரம்பித்தால் 9:45க்கு நடக்கலாம். வற்றம் ஆன பிறகு கிளம்புபவர் பாதி நேரத்தைக் கரையிலேயே தொலைத்தவர்.

தீவில் கேச் முதலில், கலங்கரை விளக்கம் பிறகு. பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள். கோபுரம் ஏறி இறங்க ஆகும் நேரம் ஏறக்குறைய தெரிந்தது. தேடலுக்கு அப்படி எல்லை கிடையாது. எல்லையில்லாத வேலையைக் கடைசியில் வைத்தால் அது நீளும்போது திரும்பும் நேரத்தைத்தான் தின்னும். முதலில் வைத்தால் கோபுரத்துக்கான நேரம் மட்டும்தான் குறையும். 10:00 முதல் 11:00 வரை தேடல், 11:10 முதல் 12:00 வரை கோபுரம், பிறகு நடை. விதிவிலக்கு ஒன்று உண்டு: பல கட்டமாகத் தேடும் மல்டி கேச்சுக்கான எண்களைக் கோபுரத்தில்தான் எடுக்க வேண்டுமென்றால் அதை முதலில் முடியுங்கள்.

படி 3: கேச் பக்கத்தை வீட்டிலேயே படிப்பது

டிராடிஷனல் என்றால் கொடுத்த இடத்திலேயே பெட்டி. மல்டி என்றால் படிப்படியாக. எர்த்கேச்சில் பெட்டியே இல்லை. பாறையைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் எழுதி உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும். விர்ச்சுவலிலும் பெட்டி இல்லை. கட்டடத்தைப் பார்த்துப் பதிலோ படமோ தர வேண்டும். பழைய கலங்கரை விளக்கம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு இந்த இரண்டு வகையும் இயல்பாகப் பொருந்தும். செயின்ட் மேரிஸ் கரையில் நிலக்கரிக் காலப் பாறைத் தட்டு நீர் வற்றும்போது விரிந்து கிடக்கும். எர்த்கேச் கேள்விகளை முன்பே படித்துவிட்டுப் போனால் பாறையில் எதைப் பார்ப்பது என்று அங்கே நின்று திணற வேண்டாம்.

கடின மதிப்பு இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். முதலாவது தேடலின் கடினம், இரண்டாவது நிலத்தின் கடினம். நிலம் 5 என்றால் படகு, கயிறு போன்ற தனி உபகரணம் தேவை என்று பொருள். ஓதத் தீவில் 2 என்று போட்டிருந்தாலும் அது வற்றத்தின்போது மட்டும் 2. அண்மைய பத்து லாக்குகளைப் படியுங்கள். தொடர்ந்து "கிடைக்கவில்லை" என்று வந்திருந்தால் பெட்டியைக் கடல் கொண்டுபோயிருக்கலாம். அதற்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்காதீர்கள்.

அளவையும் மனதில் வையுங்கள். மைக்ரோ 100 மில்லிலிட்டருக்கும் குறைவு. ஸ்மால் ஒரு லிட்டர் வரை. ரெகுலர் 20 லிட்டர் வரை. விரல் நுனி அளவு காந்த நானோவைத் தேடும்போது சாப்பாட்டு டப்பா அளவுக்கான சந்துகளைத் துழாவிப் பயனில்லை.

கோ-ஆர்டினேட் (அட்ச, தீர்க்க எண்கள்) உள்ளிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. கேச் பக்கங்கள் பாகையும் தசம நிமிடமுமாகக் கொடுக்கும். செயின்ட் மேரிஸ் கலங்கரை விளக்கம் சுமாராக வடக்கு 55° 04.300, மேற்கு 001° 27.000. இதைத் தசம பாகை கேட்கும் செயலியில் 55.04300, -1.27000 (மேற்கு என்பதால் கழித்தல் குறி) என்று அடித்தால் புள்ளி தெற்கே 3 கிலோமீட்டரும் கிழக்கே 11 கிலோமீட்டரும் நகர்ந்து வட கடலுக்குள் போய் நிற்கும். சரியான மாற்று: நிமிடத்தை 60ஆல் வகுத்துப் பாகையுடன் கூட்டுங்கள். 4.3 வகுத்தல் 60 என்பது 0.0717, ஆக 55.0717. கடலுக்குள் விழுந்தால் உடனே தெரிந்துவிடும். பின்னத்தில் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்துப் பக்கத்துப் பாறைக்குப் போனால்தான் தெரியாது.

கேச் விவரத்தையும் வரைபடத்தையும் ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஓத அட்டவணையைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். தீவில் சிக்னலை நம்ப வேண்டாம்.

பையில் என்ன

பற்றுள்ள அடிப்பாகம் கொண்ட காலணி, மாற்றுக் காலுறை, காற்றுத் தடுக்கும் மேலாடை, தண்ணீர், விசில், கைவிளக்கு, பவர் பேங்க். ஒரு பென்சில் கட்டாயம்: ஈரத் தாளில் பால்பாயின்ட் எழுதாது. மைக்ரோவில் சுருட்டி அடைத்த லாக் தாளை விரலால் இழுத்தால் கிழியும், சாமணம் வேண்டும். உலர்ந்த துணி ஒன்று, சிப் பை இரண்டு. கைபேசித் திரை உப்புநீர் பட்டால் சொன்ன பேச்சு கேட்காது. அலாரம் கைக்கடிகாரத்திலும் இருக்கட்டும்.

கடப்பது

நடுப்பகுதியைப் பாருங்கள், இரு முனைகளையும் அல்ல. பெரும்பாலான தரைப்பாலங்களில் நடுவே தாழ்வாக இருக்கும். நின்ற முனை உலர்ந்திருந்தாலும் நடுவில் நீர் ஓடும். இரண்டு பக்கமிருந்தும் வரும் நீர் அங்கே சந்திப்பதால் இழுப்பும் அங்கேதான். நீர் ஓடிக்கொண்டிருந்தால் காத்திருங்கள், காலணியைக் கழற்றிவிட்டு இறங்காதீர்கள். கலங்கிய நீரில் பாலத்தின் விளிம்பு தெரியாது.

பாறையில் நடப்பதானால் நிறத்தைப் பார்த்து அடி வையுங்கள். மெல்லிய பச்சைப் பாசி மிக மோசம், எண்ணெய் ஊற்றியது மாதிரி வழுக்கும். பழுப்புக் கடற்பாசி கீழே உள்ள பள்ளத்தை மறைக்கும். சிப்பி ஒட்டிய சொரசொரப்பான பாறை பிடிமானம் தரும், விழுந்தால் கையைக் கிழிக்கும். பேட்டரி பாயின்ட் போன்ற பசிபிக் கரையில் அமைதியான கடலிலிருந்து திடீரென ஒரு பெரிய அலை ஏறிவரும். முதுகைக் கடலுக்குக் காட்டி நின்று கைபேசியைப் பார்க்காதீர்கள்.

தேடல்

கடைசி 15 மீட்டரில் கருவியைப் பையில் போடுங்கள். கோபுரச் சுவரும் செங்குத்துப் பாறையும் ஜிபிஎஸ் சிக்னலைத் திருப்பி அடிப்பதால் அம்புக்குறி இங்கும் அங்கும் குதிக்கும். கைபேசியின் இயல்பான பிழையே சில மீட்டர். வடக்கு அளவில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 1.85 மீட்டர், 55 பாகை அட்சத்தில் கிழக்கு மேற்கில் ஒரு மீட்டர் சொச்சம். அதனால் கடைசி இலக்கத்தைத் துரத்துவது வீண் வேலை. சுவரிலிருந்து பத்து மீட்டர் விலகி, திறந்த வானத்தடியில் ஒரு நிமிடம் நின்று, எண் அடங்கிய பின் திசையைப் பிடித்து நடங்கள்.

பிறகு யோசியுங்கள். பெட்டியை மறைத்தவருக்கும் கடல் ஏறும் என்று தெரியும்; நுரை தொடும் உயரத்தில் வைத்திருக்க வாய்ப்பு குறைவு. பாறையில் கறுத்த கோடாகத் தெரியும் ஏற்ற வரைக்கு மேலே தேடுங்கள். வேலிக் கம்பியின் அடி, பெஞ்சின் உள்பக்கம், புல்லும் பாறையும் சேரும் இடம். கற்சுவரின் கற்களைப் பிடுங்க வேண்டாம், செங்கல்லைத் தோண்ட வேண்டாம். கல்லை எடுத்தால்தான் கிடைக்கும் என்று தோன்றினால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள்.

செயின்ட் மேரிஸில் சாம்பல் நிற சீல்கள் பாறையில் படுத்து ஓய்வெடுக்கும். அவை தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கத் தொடங்கினாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். கேச் அந்தப் பக்கம் என்றால் அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள்.

கிடைத்ததும் பெயரும் தேதியும் எழுதி, மூடியின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, மணல் இல்லாமல் மூடி, இருந்தபடியே வையுங்கள். அந்த வளையத்தில் ஒட்டிய ஒரு மணல்துகள் போதும், அடுத்த புயலில் லாக்புக் கூழாகிவிடும். 11 மணி ஆகியும் கிடைக்கவில்லையா, தேடல் முடிந்தது.

கலங்கரை விளக்கம்

திறந்திருக்கும் நேரமும் ஓதத்தைப் பொறுத்தே மாறும் என்பதால் கிளம்பும் நாளன்று அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் மேரிஸ் கோபுரம் 1898இல் கட்டி முடிந்தது. 645 கல் தொகுதிகளும் ஏழரை லட்சம் செங்கற்களும் சென்றன. 1984இல் சேவையிலிருந்து ஓய்வு பெற்றது. மேலே போக 137 படிகள். சுழல் படியில் இறங்குவோருக்கு வெளிச்சுவர்ப் பக்கத்தை விடுங்கள். உள்பக்கம் படி குறுகலாக இருப்பதால் ஏறுபவர் சமாளிப்பது எளிது.

பேட்டரி பாயின்ட் வேறு வடிவம். வீட்டின் கூரையைப் பிளந்துகொண்டு கோபுரம் நிற்கும். 1856 டிசம்பர் 10 அன்று முதலில் ஏற்றப்பட்டது, 1953இல் தானியங்கியானது, 1965இல் அணைக்கப்பட்டது, 1982இல் தனியார் வழிகாட்டி விளக்காக மீண்டும் எரியத் தொடங்கியது. 1964 மார்ச்சில் அலாஸ்கா நிலநடுக்கத்தின் சுனாமி நகரைத் தாக்கியபோதும் இந்த வீடு நின்றது. வந்தது நான்கு அலைகள், அவற்றில் நான்காவதுதான் பெரிது. முதல் அலைகள் வடிந்ததும் கரைக்குத் திரும்பியவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். அட்டவணைக்குச் சம்பந்தமில்லாமல் கடல் பின்வாங்கினாலோ நிலம் நீண்ட நேரம் குலுங்கினாலோ கேச், கோபுரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே உயரமான நிலத்துக்குப் போங்கள். அபாயம் நீங்கியதாக அறிவிப்பு வரும் வரை இறங்காதீர்கள்.

ஃப்ரெனெல் வில்லையைப் பார்க்கக் கிடைத்தால் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவிடுங்கள். 1823இல் பிரான்சின் கோர்டுவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் பொருத்திய வகை இது. நடுவில் குவிலென்ஸ், மேலும் கீழும் முப்பட்டகக் கண்ணாடி வளையங்கள். நடு வளையங்கள் ஒளியை வளைக்கும். ஓர வளையங்கள் உள்ளுக்குள்ளேயே பிரதிபலித்து அதே திசைக்குத் திருப்பும். ஒரு சிறு சுடரின் ஒளியில் பெரும்பகுதி அடிவானத்தை நோக்கி ஒரே தட்டாகப் போவது இப்படித்தான். கண்ணாடியைத் தொடாதீர்கள். விரல் எண்ணெய் அப்படியே தங்கிவிடும்.

மாட்டிக்கொண்டால்

அலாரம் அடித்தும் தாமதமாகிவிட்டது, நடுவில் நீர் ஓடுகிறது என்றால் முடிவு ஒன்றுதான்: தீவிலேயே இருங்கள். கடலை முந்த ஓடுவதுதான் உயிரைக் கொல்லும். மேலே போட்ட கணக்கின்படி 1:25க்கு மூடிய வழி மறுபடி திறக்க இரவு 9:20 ஆகும். எட்டு மணி நேரம் குளிரும், பசிக்கும், அவ்வளவுதான். ஏற்ற வரைக்கு மேலே, காற்று மறைவில் உட்காருங்கள். பணியாளர் இருந்தால் உடனே சொல்லுங்கள். பாதி வழியில் நீர் சூழ்ந்தால் எந்த முனை அருகிலோ அங்கே திரும்புங்கள். பிரிட்டனில் 999ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்; அமெரிக்காவில் 911. கோ-ஆர்டினேட் சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள். அதைச் சொல்லுங்கள், தேடுபவர்களுக்கு நேரம் மிச்சம். இருட்டிய பிறகு வழி திறந்தாலும் விளக்கு இல்லாமல் பாறைப் பாதையில் இறங்க வேண்டாம்.

லாக்

கரைக்கு வந்து எழுதுங்கள். கடந்த நேரம், அன்றைய வற்றத்தின் நேரமும் உயரமும், நடுவில் ஈரம் இருந்ததா, பெட்டியின் நிலை: இந்த நான்கும் அடுத்தவருக்கு வெறும் நன்றியைவிட உதவும். இடத்தைக் காட்டிக்கொடுக்கும் படம் போடாதீர்கள். எர்த்கேச்சுக்குப் பதிலை அனுப்பிவிட்டால் உரிமையாளர் ஒப்புதலுக்குக் காத்திராமல் லாக் செய்யலாம். டிராவல் பக் (கேச்சிலிருந்து கேச்சுக்குப் பயணிக்கும், எண் பொறித்த பொருள்) எடுத்திருந்தால் அன்றே பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டாலும் "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள், எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்பதையும் சேர்த்து. பெட்டி போய்விட்டதா என்று உரிமையாளர் அடுத்த நல்ல வற்றத்தில் வந்து பார்ப்பது அந்த வரியை நம்பித்தான்.